இன்னொரு ஐயாசாமி

மலாயாவில், குளுவாங் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே, எங்கள் துணிக்கடையை ஒட்டி, செல்லப்பன் முதலாளியின் அரிசிக்கடை. முப்பத்தாறாம் வருஷம் இந்தியர் சங்கத் தலைவர் தேர்தலில் நின்றபோது, கடையின் பின்கட்டைத் தேர்தல் ஆபீசாக்கிவிட்டார். பசை காய்ச்சுவதும் நோட்டீஸ் எழுதுவதும் கொஞ்சம். காப்பியும் வெட்டிப்பேச்சும்தான் அதிகம். ஆபீசை நடத்தியவர் மணியம். மூளைக்காரர் என்று பெயர். அந்த மூளையால் யார் வீட்டிலும் உலை கொதித்ததில்லை.

எதிர்த்து நின்றவர் ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாசாமி. தினமும் தொழிலாளிக்குப் பேர் போட்டு வேலை கொடுக்கிறவர் அவர்தான். பயத்திலேயே தோட்டத்து ஓட்டு முழுதும் அவருக்கு விழுந்துவிடும். மணியம் யோசித்தார். அதே தோட்டத்தில் பால் வெட்டுகிற இன்னொரு ஐயாசாமியைப் பிடித்துவந்து மூன்றாவது ஆளாக நிறுத்தினார். படிக்காத ஜனம் பேரை வாயால் சொல்லித்தான் ஓட்டுப் போடும். எந்த ஐயாசாமி என்று யார் கேட்கப் போகிறார்கள்?

பாவி, அவன் உண்மையாகவே ஜெயிக்கலாம் என்று நம்பினான். போன மழைக்காலத்தில் அவன் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, ஆஸ்பத்திரிச் சீட்டுக்காகப் போய் நின்றவனை நாளைக்கு வா என்று கிராணி விரட்டிவிட்டார். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. தலைவரானால் துரையிடம் நேரே பேசலாம், இன்னொரு பிள்ளை அப்படிச் சாகாது என்று நினைத்தான். ஆபீசில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தலைவரே பேசுங்க என்பார்கள். அவனும் எழுந்து கைகூப்பிச் செத்த பிள்ளையைப் பற்றிப் பேசுவான். இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

அவன் மனைவி அங்கம்மாவுக்கு மட்டும் பயம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடுமே என்று ஒருநாள் ஆபீசுக்கே வந்து அழுதாள். முதலாளி இருக்கும்போது என்ன பயம் என்று மணியம் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

தேர்தலன்று தோட்டத்து ஜனம் வரிசையாக வந்து, "ஐயாசாமி" என்றது. உட்கார்ந்து எழுதியவர்கள் மணியத்தின் ஆட்கள். பாதியை இவன் பேரில் எழுதிவிட்டார்கள். செல்லப்பன் ஜெயித்தார்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கிராணி மறுநாளே இவன் பேரை அடித்து, லயத்தையும் காலி செய்யச் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் சட்டிபானையோடு அரிசிக்கடைக்கு வந்தார்கள். மணியம் அவர்களைப் பார்க்காதவர்போல நோட்டீசுகளைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கம்மா முதலாளியின் காலில் விழுந்தாள். துரையிடம் சங்கத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று கெஞ்சினாள்.

செல்லப்பன் நிதானமாக வெற்றிலையை மென்று முடித்தார்.

"ஏம்மா, ஒம் புருசன் என்னை எதுத்துல்ல நின்னான்? எதுத்து நின்னவனுக்கு நானே போய்ப் பேசுனா, ஓட்டுப் போட்டவங்க என்னா நெனப்பாங்க?"

ஐயாசாமி தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கும்பிட்டான்.

"மன்னிச்சிருங்க முதலாளி. தெரியாம நின்னுட்டேன்."