குரூப்பிலிருந்து நீக்கப்பட்ட மாப்பிள்ளை

அண்ணனுக்கு அமெரிக்கக் கார்கள் மேல் பைத்தியம். எல்லாக் கார்களும் அல்ல. நீண்ட மூக்கும் இரண்டு கதவும் பெரிய பெட்ரோல் எஞ்சினுமாக, எங்கள் அப்பா பிறந்த காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் உறுமிக்கொண்டு போன சில கார்கள் மட்டும். மஸில் கார் என்பார்கள். மஸ்டாங், சார்ஜர், கமாரோ என்று அவன் சொல்லும்போது, வெளியூரில் இருக்கும் சித்தப்பா, பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். ஒன்றைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில் மெயின் பஜார் பக்கத்து பிரவுசிங் சென்டரில் வீடியோ கேமில் ஓட்டியதோடு சரி. இப்போது மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் டம்பர் லாரி பழுது பார்க்கிறான். பர்மனென்ட். நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் அவன் பெயரில்தான் இருக்கிறது. அவன் அறைச் சுவரில் சிவப்பு சார்ஜர் படம் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் மேல் அம்மா காலண்டர் மாட்டப் போய் ஒருமுறை பெரிய சண்டை வந்தது.

இந்தக் கார்களுக்காக அவன் ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறான். ஒர்க்‌ஷாப் ஆட்கள், அனல்மின் நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் இருவர், மாதா கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர், பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், வடக்குத்தில் டயர் கடை வைத்திருப்பவர் என்று பலரும் அதில் உண்டு. என்னையும் கேட்காமல் சேர்த்திருந்தான். நான் அங்கே எதுவும் எழுதுவதில்லை. வாசிப்பேன்.

போன வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வீடு திருவதிகை. அவருக்குச் சென்னையில், மின்சார வண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. மெதுவாக ஊர்ந்து போகும்போது மின்சார வண்டியில் சத்தமே வராது, நடந்து போகிறவர்களுக்குத் தெரியாது. அதற்காக வெளியே ஸ்பீக்கர் வைத்து ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தை அமைப்பதும் சோதிப்பதும் அவர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னைப் பார்த்ததைவிட அண்ணனைப் பார்த்ததுதான் அதிகம். இருவரும் சின்ன வயதில் விளையாடியது ஒரே கேம். அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முதலில் “சார்” என்றவர், கேசரி தட்டு காலியாவதற்குள் “பிரதர்” என்று ஆரம்பித்திருந்தார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலமே அண்ணன் அவரைக் குரூப்பில் சேர்த்துவிட்டான். “நம்ம வீட்டு மாப்பிள்ளை” என்று வரவேற்பு வேறு. உறுதி செய்வதற்கு முன்னால் எதற்கு இதெல்லாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அதன் பிறகு நாங்கள் போனில் பேசிக்கொண்டோம். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். அவரைப் பற்றி மனதில் சேர்ந்தவை இவை: குறுக்கே பேசுவதில்லை. என் வேலை என்ன என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வி கேட்கிறார். தெரியாததைத் தெரியாது என்கிறார். நைட் ஷிப்ட் முடித்த குரலை அடையாளம் கண்டு, “தூங்குங்க, அப்புறம் பேசலாம்” என்று வைத்துவிடுகிறார். வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்பா ரிட்டையர் ஆனதிலிருந்து எதைக் கேட்டாலும் “பெரியவன் சரின்னா சரி” என்பார். இரண்டு வீட்டிலும் சரி என்றாகி, ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் எல்லோர் முன்னும் வாசிப்பார். தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பங்குச்சாமியாரிடம் சொல்லிவிட்டால் மறுநாளே முதல் ஓலை.

அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமைதான் குரூப்பில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. தயாரிப்பு நின்றுபோன சார்ஜர் அதே பெயரில் மறுபடி வருகிறது. எஞ்சின் இல்லை, பேட்டரி. நான்கு கதவு வைத்தும் கிடைக்கும். உறுமல் மட்டும் உண்டு, ஸ்பீக்கரில்.

ஷிப்டில் இருந்ததால் எல்லாவற்றையும் சாப்பாட்டு நேரத்தில்தான் மொத்தமாக வாசித்தேன். ஒருவர் எரியும் மெழுகுவர்த்தி படம் போட்டிருந்தார். டயர் கடைக்காரர், மிக்ஸிக்குச் சிங்கம் என்று பெயர் வைத்தது போலிருக்கிறது என்றார். கிடார்காரருக்கு, கீபோர்டில் கிடார் சத்தம் அமுக்குவது போல என்று வருத்தம். முந்திரி வியாபாரி மட்டும், வேகமாகப் போனால் சரிதானே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் ஸ்பீக்கர் நல்ல யோசனைதான் என்று எழுதியதும், அட்மினான அண்ணன் அவரை நீக்கியிருந்தான். ஸ்பீக்கர் சத்தத்தைப் புகழ்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்று கீழே ஒரு சட்டமும் போட்டிருந்தான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பிளாண்டில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு எண் உண்டு. பம்பைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனி பம்பை வைத்தாலும் எண் அதேதான். எண் இடத்துக்கு உரியது, பம்புக்கு அல்ல. யாரும் அழுது பார்த்ததில்லை. ஒரு பெயருக்காக, பார்த்தே இராத ஒரு காரின் பெயருக்காக, வளர்ந்த ஆட்கள் ஏன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்?

அந்தச் சட்டத்துக்குக் கீழே மாப்பிள்ளை எழுதியிருந்ததைப் பார்த்தேன். சட்டம் போடுவதற்கு முன்பிருந்த எதையும் அவர் படித்திருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒருவேளை சட்டத்தையும் படிக்கவில்லை. “பிரதர், கவலப்படாதீங்க. எந்த எஞ்சின் சத்தம் வேணும்னு சொல்லுங்க, நானே ஸ்பீக்கர்ல வச்சுத் தரேன்” என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தார். உதவி செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். அடுத்த வரி, அட்மின் அவரை நீக்கிவிட்டார் என்பது.

நீக்கியது ஒரு காருக்காக என்பது மேலிருந்து படித்தவர்களுக்குத் தெரியும். கடைசி வரியை மட்டும் பார்த்தவர்களுக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை காலை கேன்டீனில், குரூப்பில் இருக்கும் எங்கள் பிளாண்ட் ஆள் ஒருவர் வந்து, “விடும்மா, வேற நல்ல இடமா அமையும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா கையில் போனுடன் உட்கார்ந்திருந்தாள். முதலில் குள்ளஞ்சாவடி அத்தை கேட்டிருக்கிறாள், “மாப்பிள்ளைய எடுத்துட்டீங்களாமே, ஊரே பேசிக்கினு கீது, எனக்கு ஒரு வார்த்த சொல்லல” என்று. அடுத்தது அவருடைய அம்மா. அவர் சத்தம் போடவில்லையாம். பிடிக்கவில்லை என்றால் நேரில் சொல்லியிருக்கலாமே, நாலு பேர் பார்க்க அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

“எதுலேருந்து எடுத்தோம்? யாரு எடுத்தது?” என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகம் இன்னும் குழம்பியது. அப்பா, பெரியவன் வரட்டும் என்றார்.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தான். அவனுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. அம்மா சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் தெரிந்தது உண்மையான திகைப்பு. கார் விஷயத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம், நான் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதினேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அப்படியென்றால் திரும்பச் சேர்த்துவிடு, முடிந்தது என்றேன். முடியாது என்றான். அதே காரணத்துக்காகத்தான் முதலில் ஒர்க்‌ஷாப் ஆளை நீக்கினான். மச்சான் என்பதால் இவரைச் சேர்த்தால் நாளைக்கு அந்த ஆள் முகத்தில் எப்படி விழிப்பது?

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒரு பேரத் தூக்கி இன்னொண்ணுக்கு வச்சா என்னடா? உங்க தாத்தா பேரத்தான் ஞானஸ்நானத்துல உனக்கு வச்சோம். அவரு மாட்டு வண்டி ஓட்டுனவரு. நீ மாட்டப் பாத்தா ரோட்ட மாறிப் போற. அவரு வந்து கேட்டாரா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னான்.

“தாத்தா செத்ததுக்கப்புறம் ஆசையா வச்சீங்கம்மா. இந்தக் கம்பெனிக்காரனுங்க அந்தக் கார அவனுங்களே நிறுத்திட்டு, இப்ப விக்கறதுக்குப் பேர மட்டும் எடுத்துக்கறானுங்க. ரெண்டும் ஒண்ணா?”

அதுவரை அவன் சொல்வது பைத்தியக்காரத்தனம் என்று தெளிவாக இருந்தேன். இப்போது அதுவும் போயிற்று. பம்பு எண்ணைச் சொல்லிப் பார்த்தேன். “பம்பு படத்த யாராவது செவுத்துல ஒட்டுவாங்களா?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டான்.

அண்ணன் சரி, அவர் தப்பு என்றும் இல்லை. அவர் சரி, அண்ணன் தப்பு என்றும் இல்லை. இதற்கிடையில் சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

“அண்ணா, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு.”

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வீட்டில் எனக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் மற்றவர்கள்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கதவோரம் நின்று போனைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என்னைப் பார்க்காமல், “குரூப்ல சேக்க மாட்டேன். வூட்ல சேத்துக்கறேன். போதுமா?” என்றான்.

போதும் என்றேன். அவர் அப்பாவுக்கு அவனே போன் செய்தான். இவ்வளவு மரியாதையாக அவன் பேசி நான் கேட்டதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாங்க, அது ஒரு வண்டி விஷயங்க, பையன் மேல் ஒரு குறையும் இல்லைங்க என்று பலமுறை சொன்னான். அந்தப் பக்கம் அவர் அப்பா எந்த வண்டி, ஆக்சிடென்ட்டா என்று பதற்றமாகக் கேட்டது வெளியே வரை கேட்டது. அண்ணன் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச்சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார்.

நான் பின்பக்கம் போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். நாளைக்கு ஓலை என்றும் சொன்னேன். அண்ணன் சொன்னதை அவர் ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். சந்தோஷமா, வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“சரி, குரூப்ல இப்ப என்னப் பத்தி என்ன பேசிக்கறாங்க?” என்று கேட்டார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.