கயிறு சாத்திய வீடு

அப்பா மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே படகுகளுக்கு வடக்கயிறு விற்கிறவர். கடையில் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில். முடிவெடுப்பது மட்டும் வீட்டுப் பூஜை அறையில், ஒரு முழ மஞ்சள் கயிற்றில்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கயிறு சாத்துவது என்று பெயர். குளித்து, விளக்கேற்றி, சந்தேகத்தை மனசில் நினைத்துக்கொண்டு, மூடிய தேவாரப் பதிகப் புத்தகத்துக்குள் கண்ணை மூடியபடி கயிற்றை நுழைக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அந்தப் பாட்டுத்தான் உத்தரவு. அப்பாவுக்கு ராகம் சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் பாடுவது அம்மா வேலை, அர்த்தம் சொல்வது அப்பா வேலை. முன்பு ஒருமுறை கயிறு பிழைதிருத்தப் பக்கத்தில் விழுந்தது. அப்பா அசரவில்லை. "பிழை பண்ணாதேங்கான், இந்த வருசம் புதுக் கிளை வேண்டாம்" என்று கிளை திறப்பதை நிறுத்திவிட்டார்.

பெரியதாழையில் இருந்து கயிறு வாங்க வரும் படகுக்காரர் ஒருவர் கேலியில் மன்னன். ஞாயிறு தவறாமல் கோயில் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். "அண்ணாச்சி, நாளைக்குக் காத்து எப்படின்னு ஒண்ணு சாத்திச் சொல்லுங்களேன்" என்பார். அப்பா கோபப்பட மாட்டார். அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அம்மாவுக்குக் கண் மங்கியதை நான்தான் கவனித்தேன். குழம்புக்கு உப்பு என்று சீனியை அள்ளிப் போட்டாள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஆபரேசனைத் தள்ளிப்போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையே போய்விடலாம் என்றார் டாக்டர். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா நிதானமாக, "கண்ணுல கத்தி வைக்கிற விசயம். உத்தரவு கேக்காம முடியாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பல்வலியில் ஈறு வீங்கியபோது எந்த உத்தரவும் கேட்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் தாவி ஏறினார். பல்லுக்கு டாக்டர் போதும், பெண்டாட்டி கண்ணுக்குப் பரமசிவனே கையெழுத்துப் போட வேண்டும்.

திங்கட்கிழமை காலை விளக்கேற்றிக் கயிறு சாத்தினார். அம்மா பக்கத்தைத் திறந்து, புத்தகத்தை மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பாடினாள். பார்வை போன அடியார் ஒருவர், கண்ணைக் கொடு என்று சாமியிடம் சண்டை பிடிக்கிற பாட்டு. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதைவிடத் தெளிவாக எந்தச் சாமி உத்தரவு கொடுக்கும்?

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா ஏளா! பாட்டுல ஆஸ்பத்திரி எங்கன இருக்கு? அழுது பாடுனாரு, கண்ணு வந்துச்சு. நீயும் ஒரு மண்டலம் பாடு. ஆபரேசன் வேண்டாம்னுதான் உத்தரவு."

"அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி ஏதுப்பா?" என்று கத்தினேன்.

"உத்தரவு உத்தரவுதான்."

அம்மா புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "அது உத்தரவு இல்ல. அதுல என்ன போட்டிருக்குன்னே எனக்குத் தெரியல. எழுத்து ஒண்ணும் தெரியமாட்டேங்குது. எனக்கு வேணுங்கிற பாட்டை நானாப் பாடுனேன்."

நான் பார்த்தேன். கயிறு கிடந்த பக்கத்தில் ஏதோ ஓர் ஊரின் சோலையும் வண்டும்தான் இருந்தன. கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பாவின் முகம் வெளிறியது. "அப்ப, அந்தக் கூட்டு வியாபாரம் வேண்டாம்னு வந்த பாட்டு?"

"நாந்தான் பாடுனேன்." அப்பாவைக் கூட்டுக்குக் கூப்பிட்ட அந்த ஆள், பிறகு வேறொருவரைக் கூட்டுச் சேர்த்து, அவர் தலையில் துண்டைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

"இவள துறைமுகத்து வேலைக்கு அனுப்பச் சொல்லி வந்தது?"

"அதுவும் நாந்தான்."

வேலை கிடைத்த நாளில் நான் சிவன் கோயிலில் தேங்காய் உடைத்திருக்கிறேன். அந்தத் தேங்காயை அடுப்படியில் உடைத்திருக்க வேண்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்பா குதிப்பார் என்று பயந்தேன். ஆனால் அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிடச் சொன்னார். நான் போனை எடுத்தபோது, அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"எப்ப இருந்துளா கண்ணு தெரியல?"

அம்மா குரல் வந்த பக்கமாகத் திரும்பினாள்.

"புஸ்தகத்துக்கிட்ட எல்லாத்தையும் கேட்டிய. என்கிட்ட இப்பத்தான் கேக்கிய."