அப்பா கிள்ளிய அமரில்லிஸ்

டவுனில், கணபதி ஏரியாவில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வெளியே, காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் கிடக்கிறது. போன வருடம் நர்சரியில் அமரில்லிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு ஒன்று, பார்க்கப் பெரிய வெங்காயம் மாதிரியே இருப்பது, வாங்கி அதில் நட்டேன். ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. குனிந்து பார்க்கவாவது ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது.

முதலில் வெறும் இலைதான். இந்தப் பங்குனியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தண்டு எழும்பியது. உச்சியில் மூடிய மொட்டு. அப்பாவுக்குப் போன் செய்து, பூக்கப்போகிறது, பார்க்க வாங்க என்றேன். "வாரேனுங்க" என்றார்.

அந்த 'ங்க' எனக்குப் பழகவே இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். "டேய், மாட்ட அவுத்துக் கட்றா" என்று அதட்டியவர், நான் வேலைக்குச் சேர்ந்ததும் "சாப்டீங்களா" என்று மாறிவிட்டார். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் 'ங்க' போட்டுக் கொஞ்சுவார்கள். இது கொஞ்சல் இல்லை. ஆபீசரிடம் பேசுகிற பேச்சு. என்னோடு இரண்டு நாள் இருந்தால் பழைய பேச்சு வந்துவிடும் என்று நம்பினேன்.

சனிக்கிழமை அவர் வந்தபோது இருட்டிவிட்டது. பூவைக் காலையில் காட்டலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் பால் வாங்கித் திரும்பினால், தண்டு ஒடிந்து மண்ணில் கிடந்தது.

"வெங்காயத்துல பூத்தண்டு உட்டிருந்துச்சுங்க. அடியில காய் சிறுத்துப் போயிருமல்ல, கிள்ளிப்போட்டேன்" என்றார் அப்பா.

தாராபுரம் பக்கம் எங்கள் காட்டில் வருடா வருடம் பயிர் சின்ன வெங்காயம்தான். பூத்தண்டைக் கண்டால் அவர் விரல் சும்மா இருக்காது. நான் சொன்ன பூ, வீட்டுக்காரம்மாவின் தொட்டி ரோஜா என்று நினைத்திருக்கிறார்.

"அதுதானுங்கப்பா அந்தப் பூ."

அவர் முகம் சுருங்கியது. "தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

'முன்னாடியே சொல்றதுக்கு என்னடா' என்று திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"பரவால்லீங்கப்பா, இனிக் காய் பெருத்துரும். சாம்பாருக்கு ஆகும்" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை. மாடு கத்தும் என்று சொல்லி மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

தண்டைத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தேன். அந்த வாரமே விரிந்தது. நான்கு பூ, உள்ளங்கை அகலம், ரத்தச் சிவப்பு. போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"பாத்தனுங்க. நல்லா இருக்குதுங்க." போனில் மாடு கத்துவது கேட்டது. "போன வெச்சுரட்டுங்களா?"

"சரிங்கப்பா."

பூக்கள் நாலும் நாலு பக்கம் பார்த்து நின்றன. ஒன்று என் பக்கம் பார்க்கும்படி பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.