ஆடி மழையில் ஓடாத ஃபேன்

குளிர் ஊரில் ஃபேன் எதற்கு என்று கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஓவேலியின் ஆடி மழையைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டார்கள். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஃபேன் காற்று வாங்குவதற்கல்ல, துணி காயவைப்பதற்கு.

அம்மா திருப்பூரில் ஹாஸ்டலில் தங்கி பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த ஆடியில் லீவுக்கு வந்திருந்தாள். நான் மூன்றாம் வகுப்பு. அவள் வந்த அன்றே, திரும்பிப் போய்விடுவாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் துணியெல்லாம் துவைத்து உள்கொடியில் போட்டு, டேபிள் ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். அது முனகியதே ஒழிய சுற்றவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். பின்பக்கத்தைக் கழற்றி, தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“கண்டன்சர் போயிருச்சுக்கா.”

“அது இல்லாட்டி ஓடாதா மாமா?” என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார்.

“ஓடாது பாப்பா. உள்ள ரெண்டு சுருள் இருக்கு. ரெண்டுக்கும் ஒண்ணாவே கரண்டு போனா, எந்தப் பக்கம் சுத்தறதுன்னு தெரியாம மோட்டார் நின்னுரும். ஒண்ண முந்தி, ஒண்ண பிந்தி அனுப்பறது இதுதான். நாளைக்குக் கூடலூர்ல வாங்கியாறேன்.”

கரண்டைப் பற்றிக் கேட்டால் மாமாவை நிறுத்த முடியாது. அன்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

“ஈரத்தோட மூட்டை கட்டுனா நாறிப் போயிருமே” என்று அம்மா சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்துத் திட்டு எனக்கே கேட்டது. “சரிங்க சார், ஒரே ஒரு நாளுங்க சார்” என்று நின்றாள்.

மறுநாள் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அடுப்புப் பக்கம் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். அவள் குழாயடிக்குப் போனாலும் நான் முந்தானையைப் பிடித்தபடி பின்னாலேயே போனேன். இப்போதும் மழை பெய்தால் அந்தப் பகல் முழுசாகத் திரும்ப வேண்டும் போலிருக்கும். சாயங்காலம் மாமா புது கண்டன்சரை மாட்டினார். ஃபேன் ஓடியது. அந்தப் புதுக் கண்டன்சரை நான் வெறுத்ததுபோல் வேறு எதையும் வெறுத்ததில்லை. விடிந்ததும் அம்மா பஸ் ஏறிவிட்டாள்.

படித்து வேலைக்குப் போன பிறகு ஒருமுறை அவளைப் பார்க்கத் திருப்பூர் போனேன். அதே ஹாஸ்டலில் அவள் அறையில் இருந்த டேபிள் ஃபேனும் முனகிக்கொண்டு நின்றது. பேச்சை விடாமல் அம்மா ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கம்பிக்குள் விட்டு இறக்கையை ஒரு தள்ளு தள்ளினாள். ஃபேன் ஜோராகச் சுற்றியது.

“கண்டன்சர் மாத்தக் கூடாதாம்மா?”

“எதுக்கு? தள்ளி விட்டா அதுபாட்டுக்கு ஓடுது. நான் திருப்பூருக்கு வந்த மொத நாள்லேர்ந்து இதே கதைதான்.”

அப்படியானால் அந்த ஆடியிலும் அவளுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். அம்மா போகக் கூடாது என்று அந்த வீட்டில் ஏங்கியது நான் ஒருத்தி மட்டும்தான் என்று அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.