சோட்டியின் மேல் இரண்டாவது ஆள்

அந்தக் கோடையில் ஹல்பெரா குதிரையில் வருவதை நாங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, காதால் தெரிந்துகொண்டோம். அவள் குதிரை சோட்டியின் முன்னங்கால்கள் டக் டக் என்று விழும். அவற்றுக்குப் பின்னாலேயே, ஈரப் பூட்ஸை யாரோ இழுத்துக்கொண்டு நடப்பதுபோல், சரக்... சரக்... என்று சரளைக்கல் உரசும். அந்தச் சத்தம் வந்தால் நாய்கள் குரைக்காமல் வீட்டுக்குள் போய்விடும்.

பனிமலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் கருமணல் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் ஹல்பெரா. பால் கறப்பாள், புல் அறுப்பாள், யார் வீட்டில் ஆடு ஈனச் சிரமப்பட்டாலும் அவள்தான் போய் நிற்பாள். வாய் மட்டும் கூர். நாற்பதை நெருங்கும்வரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவளிடம் சிக்மார் வந்து பெண் கேட்டபோது, "உங்களைப் பத்தி யோசிக்கணும். ஆனா உங்க குதிரை நல்லா இருக்கு, அதுக்காக வேணா வரேன்" என்றாளாம். சிக்மார் அதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்தார். அந்தக் குதிரைதான் சோட்டி. கரிப்புகை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் துளி.

சிக்மாருக்கு ஆற்றைக் கடத்திவிடும் வேலை. பனிமலையிலிருந்து இறங்கும் எங்கள் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. நேற்று இருந்த வழி இன்று இருக்காது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லும் சிக்மார், வசந்தத்தில் ஒரு நாள் தபால்காரரை அக்கரையில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார். வீட்டுக்கு வந்தது சோட்டி மட்டும்தான். சேணம் வயிற்றுக்கடியில் சுழன்றிருந்தது. சேணத்தைப் பின்னாலிருந்து வாலடியோடு பிணைக்கும் வால்வார் அறுந்து தொங்கியது. ஆறு ஆளைத் திருப்பித் தரவில்லை. பக்கத்திலேயே கடல்.

ஹல்பெரா யார் முன்னாலும் அழவில்லை. அறுந்த வாரின் இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, படகுப் பாய் தைக்கும் ஊசியால் தைக்க உட்கார்ந்தாள்.

சிக்மாரின் தம்பி தோர்கில்ஸ் அடுத்த பண்ணைக்காரன். மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "அண்ணி, அதை விடுங்க. புதுத் தோல் வெட்டித் தரேன்."

"இது உங்க அண்ணன் கை பட்ட தோல்."

"பிஞ்சு போன தோல் அண்ணி."

"பிஞ்சு போனதைத்தான்டா தைக்க முடியும்" என்றாள் ஹல்பெரா.

கோடை முற்றுவதற்குள் சோட்டி பின்னங்கால்களை இழுக்க ஆரம்பித்தது. குளம்பின் முன்விளிம்பு தேய்ந்து தட்டையாகிவிட்டது. தோர்கில்ஸ் வந்து பார்த்தான். குளம்பைச் சீவிப் புது லாடம் அடித்தான். மறுநாளும் சரக், சரக். ஒரு பின்னங்காலை மடக்கித் தூக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, சட்டென்று விட்டு ஓடவிட்டான். மூட்டில் வாதம் இருந்தால் அந்தக் கணத்தில் குதிரை நொண்டும். சோட்டி நொண்டவில்லை.

"கால்ல ஒண்ணும் இல்ல" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் முகம் தெளியவில்லை.

மேய்ச்சலில் அவிழ்த்துவிட்டுப் பார்த்தார்கள். ஈரமான கருமணலில் நான்கு குளம்பும் அச்சு அச்சாகப் பதிந்தன. இழுத்த கோடே இல்லை. வைக்கோல் கட்டை ஏற்றிப் பார்த்தார்கள், ஒழுங்காக நடந்தது. தோர்கில்ஸ் தன் சேணத்தைப் போட்டு ஏறிப் பார்த்தான், சத்தம் இல்லை. கடைசியில் சிக்மாரின் சேணத்தைப் போட்டான். பத்தடி போவதற்குள் சரக், சரக் என்று மணலில் இரண்டு நீளக் கோடுகள் விழுந்தன. தோர்கில்ஸ் உடனே இறங்கிவிட்டான். இறங்கியவன் சேணத்தின் பின்பக்கம் பார்க்காமலேயே கடிவாளத்தை ஹல்பெராவின் கையில் கொடுத்தான்.

பக்கத்துப் பண்ணை யோருன் மட்டும் எல்லாரும் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னாள்.

"ஏண்டி, நான் சொல்றேன்னு கோச்சுக்காதே. ஆத்துல போய்க் கிடைக்காம இருக்கறவங்க நடந்தா வருவாங்க? தெரிஞ்ச குதிரையா பாத்து, ஏறினவங்க பின்னாடி தொத்திக்குவாங்க. இடுப்பு மேல அந்தக் கனம் இருந்தா குதிரை எப்படிடி கால் தூக்கும்?"

"என் புருஷன் அப்படி ஒண்ணும் கனம் இல்ல. உன் புருஷனா இருந்தா குதிரை படுத்தே போயிருக்கும்."

"சிரிக்காதே. குதிரை தலைகிட்ட நின்னு, ரெண்டு காதுக்கும் நடுவால பின்னாடி பாரு. தெரிவார்னு சொல்வாங்க."

ஹல்பெரா பார்க்கவில்லை. பார்த்தால் அவர் இருப்பாரோ என்ற பயம் இல்லை அவளுக்கு. இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஆளில்லாத மணல்வெளியில் தனியாகப் போகும்போது அவள் அவரோடு பேசினாள். எந்த ஆடு மடி வற்றிவிட்டது, யார் வீட்டில் சண்டை, இந்த வருஷம் மீன் எப்படிக் காய்ந்தது எல்லாம் சொல்வாள். சரக், சரக் என்று பதில் வரும். சேணத்தில் கொஞ்சம் முன்னால் ஒட்டி உட்காருவாள், அவருக்கு இடம் விட்டு. ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை; இறங்கிச் சேணத்தைக் கழற்றும்போதும் பின்பக்கம் கண்ணை ஓட்டமாட்டாள். விதவை என்று ஊர் அழைத்த அந்தப் பெண், குதிரை மேல் இருந்த நேரமெல்லாம் மனைவியாகவே இருந்தாள்.

இலையுதிர் காலம் நெருங்கியது. மலைமேல் மேய்ந்த ஆடுகளை எல்லாரும் குதிரையில் போய் இறக்கி, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கல்பட்டியில் அடைத்து அவரவருக்குப் பிரிக்கும் பட்டி நாள் வரும். அதன்பிறகு, குளிர்காலத்துக்குத் தீனி போட்டு வைக்கத் தகுதியில்லாத குதிரைகள் கத்திக்குப் போகும். உப்புக்கண்டமாகப் பீப்பாய்க்குள் வரும். எங்களுக்கு அது பாவம் இல்லை, வழக்கம்.

தோர்கில்ஸ் ஒரு மாலை வந்து, நின்றபடியே சொன்னான்.

"அண்ணி, பட்டி நாளுக்கு அப்புறம் சோட்டிய அனுப்பிடலாம்."

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"அவரைக் கடைசியா பாத்தது அது ஒண்ணுதான். அதையா வெட்டித் திங்கச் சொல்றே?"

"கால் தூக்காத குதிரை ஆத்துல கல்லு தடுக்கி விழும். மேல இருக்கற நீங்களும் போவீங்க. ஒருத்தரைத் தேடினதே எனக்குப் போதும். பட்டி நாளுக்குள்ள அது கால் தூக்கினா நான் வாயே திறக்க மாட்டேன்."

ஹல்பெரா குதிரை பக்கம் போனாள். தன் வாயில் வைக்க எடுத்த சர்க்கரைக் கட்டியை அதன் உதட்டுக்குக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா இழக்கணுமாம்" என்றாள் அதனிடம்.

பட்டி நாள் வந்தது. ஆற்றங்கரையில் எல்லாரும் குதிரையை விட்டு இறங்கி, வயிற்றுவாரை இறுக்கிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவோம். மற்ற குதிரைகள் முன்னால் போய்விட்டன. ஹல்பெராவும் தோர்கில்ஸும் பின்தங்கினார்கள். வசந்தத்துக்குப் பிறகு அவள் அந்த ஆற்றின் பக்கமே வந்ததில்லை. சாம்பல் நிறத் தண்ணீரையே பார்த்தபடி நின்றவளின் காலடியில் சரளை சரிந்தது. விழாமலிருக்க, சேணத்துக்குப் பின்னால் சோட்டியின் இடுப்பில் கையை ஊன்றினாள்.

குதிரை பின்பக்கத்தை அப்படியே தாழ்த்தியது. யாரோ அதன்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல்.

ஹல்பெரா கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி தாழ்ந்தது. சேணத்தின் பின்விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். கடைசி விலா எலும்பையும் தாண்டி, இடுப்புச் சதையில் விளிம்பு அழுந்தி, மயிர் உதிர்ந்து வீங்கியிருந்தது. வாலடியில் தோல் உரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சேணத்தைக் கொஞ்சம் பின்தள்ளிப் போடுவதுதான் அழகு. அப்போதுதான் குதிரை முன்னங்காலை உயரத் தூக்கும். அதனால் சோட்டியின் சேணம் இன்னும் ஒரு சாண் பின்னால் போயிருந்தது ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஹல்பெராவின் விரல் வால்வாரில் ஓடி, தன் தையலில் வந்து நின்றது. நுனிமேல் நுனி வைத்துத் தைத்ததில் வார் ஒரு சாண் குட்டையாகிவிட்டது. குட்டையான வார் சேணத்தைப் பின்னுக்கு இழுத்தே வைத்திருந்தது. ஏறியவரின் கனம் முழுக்க அந்த இடுப்பில்.

"நான்தான்" என்றாள். "நான்தான்டா அதோட இடுப்பை ஒடிச்சிருக்கேன்."

தோர்கில்ஸ் குனிந்து பார்த்தான். அவளுக்கு அடுத்த கேள்வி அப்போதுதான் எழுந்தது. இரண்டு விரல் அகலத் தோல் அது.

"தோர்கில்ஸ், ஓடற குதிரையில இந்த வார் தானா அறுமா?"

அவன் நிமிர்ந்து ஆற்றின் பக்கம் திரும்பினான்.

"ஒரு ஆள் தண்ணிக்குள்ள இருந்து இதைப் பிடிச்சுத் தொங்கினாத்தானே அறும்?"

"வார் பிஞ்சிருந்த விதத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும் அண்ணி" என்றான் அவன், ஆற்றைப் பார்த்தபடி. "சோட்டி அண்ணனை ரொம்ப தூரம் இழுத்துட்டு வந்திருக்கு. அதனாலதான் புதுத் தோல் தரேன்னு கெஞ்சினேன்."

வீடு வரவேண்டும் என்று அவர் கடைசியாகப் பற்றியிருந்தது இந்தத் தோலைத்தான். அவர் கை விடவில்லை, தோல்தான் விட்டது. ஹல்பெரா குனிந்து தையலின் மேல் கன்னத்தை வைத்தாள். அக்கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"கத்தி இருக்கா?"

ஒவ்வொரு தையலாக அவளே அறுத்தாள். வார் இரண்டாகப் பிரிந்ததும் வாலடியிலிருந்தும் சேணத்திலிருந்தும் கழற்றி இரண்டு துண்டையும் ஆற்றில் போட்டாள்.

"பிடிச்சுக்கங்க. இப்ப யாரும் இழுக்கல" என்றாள் மெல்ல.

சேணத்தை முன்னால், தோளுக்குப் பக்கத்தில் வைத்து, அடியில் தன் கம்பளிச் சால்வையை மடித்துப் போட்டு இறுக்கினான் தோர்கில்ஸ். ஹல்பெரா ஏறியதும் சோட்டி தண்ணீரில் இறங்கியது. நடு ஆற்றில் ஒருமுறை நின்று, தலையைத் திருப்பிக் கடல் பக்கம் பார்த்தது. பிறகு நடந்தது. அக்கரைச் சரளையில் ஏறியபோது ஹல்பெரா கண்ணை மூடிக் காதைத் தீட்டினாள். டக், டக், டக், டக். நான்கு கால்கள். வேறு எதுவும் இல்லை.

"தூக்குது அண்ணி" என்றான் தோர்கில்ஸ். அதற்குமேல் அவன் கத்தியைப் பற்றிப் பேசவில்லை, அன்றும் பிறகும்.

இடுப்பு ஆறும்வரை சோட்டிக்கு ஓய்வு என்று அவள் ஆற்றைத் திரும்பக் கடந்ததும் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த யோருன், முற்றத்தில் பால் வாளியோடு திரும்பியவள் திடுக்கிட்டு நின்றாள்.

"நீ வர்ற சத்தமே கேக்கலையேடி."

ஹல்பெரா சேணத்தை இறக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"தனியாத்தான் வந்தேன்" என்றாள்.