ஹாரன் அடிக்காத தெரு

எங்கள் டிரைவருக்குப் பயணிகள் வைத்த பெயர் சாவகாசம். மற்ற டிரைவர்கள் மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் பாய்வார்கள். இவர் பச்சை விளக்கைப் பார்த்துக்கூட ஒரு கணம் யோசிப்பார். இவர் பஸ்ஸை ஓட்டுகிறாரா, பஸ் இவரைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று எனக்கே பல நாள் சந்தேகம் வந்ததுண்டு. அவருக்குக் கண்டக்டராக மாட்டிக்கொண்டு பல வருடமாகிறது. வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ஆனால் வேறு வண்டிக்கு மாற்றப்போகிறோம் என்று யாராவது சொன்னால் மட்டும் முதல் ஆளாகப் போய் வேண்டாம் என்று கெஞ்சுவேன்.

அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அவர்கள் வீடு எங்கள் ரூட்டிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியைத் தாண்டி ஒரு வளைவு, அதில் முதல் மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அண்ணிக்கு அந்த ஜன்னலோரக் கட்டில்தான் உலகம். காலையில் அண்ணனின் தங்கை வந்து ஆகவேண்டியதைப் பார்த்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு அண்ணி தனி. வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அண்ணன் ஹாரனை இரண்டு தடவை, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல, மெதுவாக அடிப்பார். ஜன்னலில் ஒரு கை எழும்பும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே சீராகும். அடுத்த ஸ்டாப் வரை கண் சாலையில் இருக்கும், மனுஷர் எங்கோ மிதந்துகொண்டிருப்பார். நான் விசில் ஊதித் தரையிறக்குவேன்.

அப்படியிருக்கும்போதுதான் புதிய விதிகள் வரப்போகின்றன என்று டிப்போவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் எல்லா வண்டிக்கும் புதுப் பதிவு, புது நம்பர் பிளேட். ஏர் ஹாரன் இருக்கிற வண்டிக்குப் பதிவு கிடையாது. வீடுகள் உள்ள தெருக்களிலும் ஆஸ்பத்திரிப் பக்கமும் எந்த ஹாரனுமே கூடாது. கம்பத்தில் சத்தத்தைப் பிடிக்கிற கருவி இருக்கும். மாட்டினால் லைசென்ஸுக்கே வேட்டு. பஸ் முழுக்க இதே பேச்சாகக் கிடந்தது. புதுப் பிளேட் மாட்டினால் ரோட்டுப் பள்ளம் மூடிக்கொள்ளுமா என்று ஒரு பெரியவர் என்னிடம் நியாயம் கேட்டார், நான்தான் விதியைப் போட்டவன் மாதிரி. அண்ணன் எதிலும் கலந்துகொள்ளவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஹாரன் கேக்கலன்னா, நான் போறது அவளுக்கு எப்படிப்பா தெரியும்?"

நேரத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்கள் என்று ஏதோ உளறினேன். எங்கள் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது?

விதி அமலுக்கு வந்த அன்று அந்தத் தெரு வேறு ஊர்த் தெருவாக இருந்தது. தண்ணீருக்கடியில் போவதுபோலப் போனோம். சைக்கிள் செயினின் சத்தம், எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தம் எல்லாம் பஸ்ஸுக்குள் வந்தது. அண்ணனின் கை பழக்கத்தில் ஹாரனிடம் போய், சூடு பட்டதுபோலத் திரும்பிவந்தது. ஜன்னலில் திரை மட்டும் ஆடியது. கை இல்லை. அடுத்த டிரிப்பிலும் இல்லை. அதற்கடுத்த டிரிப்பிலும் இல்லை. கடைசி ஸ்டாப்பில் நான் அண்ணிக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. டைம்கீப்பரிடம் கெஞ்சி, வண்டிக்கு மாற்று ஆட்களை ஏற்றிவிட்டு, கிடைத்த வாடகை வண்டியில் கிளம்பினோம்.

சாவகாசம் என்று பெயரெடுத்த மனிதர் அன்று படிகளில் ஓடினார். பூட்டில் தப்பான சாவியையே மறுபடி மறுபடி நுழைத்தார். நான்தான் வாங்கித் திறந்தேன்.

அண்ணி வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். திரை வழியே வந்த மதிய வெளிச்சம் போர்வையின் மேல் ஏறி இறங்கியது. தங்கை காலையில் போட்டுவிட்டுப் போன போன் சமையலறையில் சார்ஜிலேயே கிடந்தது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதை மறைப்பானேன்.

விழித்ததும் அண்ணி எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, பஸ்ஸை எங்கே போட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் போர்வையின் நூலைத் திருகியபடி அண்ணனிடம் சொன்னார்:

"மதியமெல்லாம் முழிச்சேதான் கெடப்பேன். கண்ணசந்து கையைத் தூக்காம விட்டுட்டா பயந்துடுவீங்களேன்னு. இனிமே ஹாரன் இல்லன்னதும், நீங்களும் பாக்க மாட்டீங்கன்னு நெனச்சு இன்னைக்குத் தூங்கிட்டேன்."

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. ஆசை ஆசையாக ஹாரன் அடித்ததெல்லாம் இவள் தூக்கத்தையா கெடுத்தது? ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா நிறுத்திடுவீங்களே."

நான் நழுவப் பார்த்தேன். அண்ணி விடவில்லை, அவருக்கு ஒரு கனவைச் சொல்ல வேண்டியிருந்தது. கனவில் நன்றாக நடந்துவந்து எங்கள் பஸ்ஸில் ஏறினாராம். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். வேறு யாருமில்லை. கண்டக்டர்கூட இல்லையாம், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பஸ் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியும் கூப்பிடவில்லை.

அண்ணன் அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க எறங்கினே?"

"எறங்கல" என்றார் அண்ணி.