செங்கமாரி இல்லத்தின் ஒலிம்பியா

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்கு இல்லங்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். மஞ்சள் இல்லத்துக்குப் பொறுப்பாசிரியை நான். தை மாதத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கி இல்லம் பிரிக்கும்போது, மஞ்சள் சீட்டு எடுத்த பிள்ளை அழும். அழாமல் என்ன செய்யும்? ஆறு வருடமாக விளையாட்டுப் போட்டியில் நாங்கள்தான் கடைசி. மற்ற இல்லத்துப் பிள்ளைகள் எங்களுக்குச் செங்கமாரி என்று பட்டம் வைத்திருந்தார்கள். மஞ்சள் காமாலைக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர்.

நானும் இதே மானிப்பாயில், இதே மைதானத்தில், இதே மஞ்சள் இல்லத்துக்காக ஓடியவள். அதனால் ரோசம் கொஞ்சம் கூட. ஒருநாள் ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில், பச்சை இல்லத்துப் பொறுப்பாசிரியர், இந்த முறையும் நாலாமிடத்தை எங்களுக்கென்று ஒதுக்கி வைத்துவிடலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் வாய் என்னைக் கேட்டுப் பேசுகிற வாய் அல்ல. இந்த முறையும் கடைசியென்றால் இல்லப் பொறுப்பையே விட்டுவிடுகிறேன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அதிபரும் அங்கே இருந்தார். மிச்சத் தேநீரை அப்படியே மேசையில் விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஓட ஆள் குறைவு. ஒரே நம்பிக்கை இல்லச் சோடனை. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வோர் இல்லமும் மைதான ஓரத்தில் தனக்கென்று ஒன்றைக் கட்டும். ஒருவர் கப்பல் கட்டுவார், ஒருவர் கோட்டை கட்டுவார். நடுவர்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். முதலாவதாக வருகிற சோடனைக்கு இருபது புள்ளி, அதுவும் மொத்தக் கணக்கில் சேரும்.

முந்தின வருடம்தான் பாரிசில் ஒலிம்பிக் நடந்து முடிந்திருந்தது. அங்கே இருக்கிற என் தங்கை தெருவோரத்தில் நின்று பெண்களின் மரதன் ஓட்டத்தைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பியிருந்தாள். வழக்கமாக ஆண்களின் மரதனுக்கு வைக்கும் கடைசி நாளை அந்த முறை பெண்களுக்குக் கொடுத்தார்களாம். அந்த அரை நிமிடப் படத்தை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. திடீரென்று ஒரு நாள், பட்டணம் போகப் பேருந்துக்குக் காத்து நின்றபோது, ஒலிம்பிக்கின் முழு வரலாற்றையும் மைதானத்தில் கட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் வந்த பேருந்தையும் விட்டுவிட்டேன்.

பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பழைய ஒலிம்பியாவில் முதன்முதலில் இருந்தது ஒரேயொரு போட்டி. ஏறத்தாழ இருநூறு மீற்றர் ஓட்டம். அது எங்கள் மைதானத்தில் சரியாக ஒரு சுற்று! வென்றவனுக்கு ஒலிவ இலைக் கிரீடம். இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று ஒன்றும் கிடையாது; தோற்றவன் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மணமான பெண்கள் எட்டிப் பார்த்தால்கூட மலையிலிருந்து உருட்டிவிடுவது சட்டம். இதைச் சொன்னதும் எங்கள் இல்லத் தலைவி, உயர்தர வகுப்புப் பிள்ளை, கையை உயர்த்தினாள்.

“ரீச்சர், இஞ்சை உருட்டிறதுக்கு மலைக்கு எங்கை போறது? கீரிமலைக்கோ?”

கீரிமலையில் கடலும் கேணியும்தான் உண்டு, ஏறி விழ ஒரு மேடுகூட இல்லை. வகுப்பு முழுவதும் சிரித்து ஓய நேரம் எடுத்தது. அந்தச் சிரிப்பிலேயே அவளை ஒலிம்பியாவின் வாயில் காவலாளி ஆக்கிவிட்டேன். நெடுநெடுவென்ற உயரம். கண்மையால் ஒரு மீசை கீறிவிட்டால் போதும்.

வீதி வேலைக்காரர் விட்டுப்போன வெற்றுத் தார்ப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தக்கை போன்ற வெள்ளை ரெஜிபோம் அட்டை சுற்றித் தூண்களாக்கினோம். ஐந்து வளையங்களுக்கு ஐந்து சைக்கிள் ரயர். அந்தக் காலத்து வீரர்கள் உடுப்பில்லாமல் ஓடியவர்கள். எங்கள் களிமண் வீரர்களுக்கு நான் வேட்டி கட்டிவிட்டேன். வரலாறு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். உள்ளே நடந்தால், பேரரசன் ஒருவன் போட்டிகளை நிறுத்தியது, ஆயிரம் வருடத்துக்கு மேலாக எல்லாம் மண்ணுக்குள் கிடந்தது, ஏதென்சில் மறுபடி தொடங்கியது, அப்போதும் பெண்களைச் சேர்க்காதது, பிறகு ஒவ்வொரு போட்டியாகக் கதவு திறந்தது என்று வரிசையாகப் படங்கள். கடைசியில் எங்கள் நாட்டுக்குக் கிடைத்த இரண்டு வெள்ளிப் பதக்கங்கள். அவற்றில் ஒன்றை வாங்கியது ஒரு பெண். ஒலிவ மரத்துக்கு எங்கே போவது? வேப்பிலையில் கிரீடம் கட்டி வாசலில் தொங்கவிட்டோம்.

ஒத்திகையில் நான்தான் மணமான பெண்ணாக வருவேன். காவலாளி ஈட்டியை நீட்டி மறிப்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒத்திகை அத்தோடு முடிந்துவிடும். பத்துத் தரமாவது செய்திருப்போம். மறித்த பிறகு என்ன செய்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை.

போட்டி நாள் வந்தது. நான் மஞ்சள் சேலையில் நின்றேன். சோடனை பார்க்க மூன்று நடுவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் ஆண்கள். மூன்றாவது ஒரு பெண் வைத்தியர், எங்கள் பழைய மாணவி, சிரிப்பதற்குக்கூட மருந்துச் சீட்டு எழுதித் தரவேண்டிய முகம். ஆண்கள் இருவரும் உள்ளே போனார்கள். வைத்தியர் காலை எடுத்து வைத்ததும் ஈட்டி குறுக்கே வந்தது.

“நீங்கள் கலியாணம் கட்டினனீங்களோ, டொக்டர்?”

“ஓம்.”

“அப்ப உள்ளுக்கை விடேலாது.”

வைத்தியர் சிரிக்கவில்லை. காவலாளியும் சிரிக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதானே, அவள் கல்லைப் போல நின்றாள். போச்சு, இருபது புள்ளியும் போச்சு, இல்லமும் போச்சு என்று ஓடினேன். கிட்டப் போனபோது வைத்தியர் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

“நான் ஓடின கிரவுண்ட் இது, பிள்ளை.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது. நானே கட்டிய வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது. நடுவர்கள் சுற்றும் நேரத்தில் வாசிப்பதற்கு ஒலிம்பிக்கின் கதையை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். வாசித்தவர் வேறு யாருமல்ல, பச்சை இல்லத்துப் பொறுப்பாசிரியர்; குரல் வளத்துக்காக அவர்தான் ஒவ்வொரு வருடமும் அறிவிப்பாளர். எதிரி எழுதியது என்றாலும் மனிதர் உருகி உருகி வாசித்தார். மகன் போட்டியிடுவதைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தாய், பயிற்சியாளரைப் போல வேடமிட்டு ஒலிம்பியாவுக்குள் நுழைந்த கட்டம் அது. அதற்குப் பிறகு பயிற்சியாளர்களும் உடுப்பைக் களைந்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று விதி வந்ததாம். பள்ளிக்கூட மைதானம் என்பதால் அதை நான் எழுதவில்லை.

வைத்தியர் தலையை நிமிர்த்திக் கேட்டார். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியரிடம் கையை நீட்டினார். அவர் ஒன்றும் விளங்காமல் தன் தொப்பியையும் விசிலையும் கழற்றிக் கொடுத்தார். வைத்தியர் தொப்பியைப் போட்டார். விசிலைக் கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்தார். ஊதினார் பாருங்கள், மைதானமே திரும்பிப் பார்த்தது. ஈட்டி தானாகவே விலகியது. பெற்றோர் இருந்த பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் பேருந்து வீதி வரைக்கும் கேட்டிருக்கும். நான் சத்தம் போட்டேனா, அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும் செய்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். வெளியே வரும்போது வைத்தியர் காவலாளியிடம் மீசை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம்.

சோடனையில் முதலிடம் மஞ்சளுக்கு. அப்படியும் கணக்கில் பச்சைக்குச் சற்றுக் கீழேதான் நின்றோம். மிச்சம் இருந்தது பெண்கள் அஞ்சலோட்டம் ஒன்று. அதில் பச்சையை முந்தினால் மூன்றாமிடம். முந்தாவிட்டால் எங்கள் வழக்கமான இடம்.

கடைசிச் சுற்றுக்கு எங்கள் காவலாளிதான். வேடம் கழற்ற நேரமில்லை, மீசையோடு நின்றாள். கோல் கைக்கு வரும்போது அவள் நாலாவது இடத்தில். முதல் வளைவில் நீலத்தை முந்தினாள். நான் கோட்டோரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளோடு ஓடிக்கொண்டிருந்தேன். கூடாது என்று சட்டம், யார் கேட்டது? சிவப்பு எங்கேயோ முன்னால் போய்விட்டது. பச்சை மட்டும் ஒரு கை தூரத்தில். வியர்வையில் மீசை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பு. நாடாவுக்கு இரண்டு அடி இருக்கும்போது நெஞ்சை நீட்டி முந்தினாள்.

ஓட்டத்தில் இரண்டாமிடம். ஒலிம்பியாவில் அதற்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது போதும். பச்சை இல்லத்துப் பொறுப்பாசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தொண்டையைச் செருமி, மொத்தப் புள்ளியில் மூன்றாமிடம் மஞ்சள் இல்லம் என்று அறிவித்தார். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை, பாவம். பிள்ளைகள் வாசலில் தொங்கிய வேப்பிலைக் கிரீடத்தை அறுத்து வந்து என் தலையில் வைத்தார்கள்.

கழற்ற மனம் வரவில்லை. அப்படியே சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்த என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மை கண்ட வீட்டில்தானே எங்கள் ஊரில் வேப்பிலை செருகுவார்கள்.

“மஞ்சள் சீலை, தலையிலை வேப்பிலை. ஆருக்கப்பா அம்மாள் வருத்தம்?”

“ஒருத்தருக்கும் இல்லை,” என்றேன். “மூண்டாமிடம்.”

அன்றைக்குத் தேநீர் அவர்தான் போட்டார். கிரீடத்தைக் கழற்றாமலே முழுவதையும் குடித்தேன்.